‘இக்கத்’ என்னும் சொல்

ஜவுளிக் கடைகளில் ‘இக்கத்’ என்னும் சொல் இப்பொழுது சர்வ சாதாரணமாகிவிட்டது. இக்கத் புடவை, இக்கத் ரவிக்கைத் துணி, இக்கத் திரைச்சீலை, இக்கத் தலையணை உறை என்று கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போகிறார். சிலர் ‘இக்கட்’ என்றும் உச்சரிக்கிறார்கள். விலையைக் கேட்ட குடும்பத் தலைவருக்கு அது ‘இக்கட்டு’ என்றே காதில் விழுந்தாலும் நாம் வியப்படைய மாட்டோம். ஆனால் இந்தச் சொல் எந்தத் தேசத்துச் சொல், இதன் பொருள் யாது, துணிக்கு இது பெயராக வந்தது எப்படி என்று விசாரித்தால், வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் ஒருங்கே மௌனம் சாதிக்கிறார்கள். கையால் தொட்டு உடம்பில் உடுத்தும் ஒரு பொருளின் பெயரைப் பற்றி இவ்வளவு அலட்சியம் கூடாதென்பது நமது அபிப்பிராயம். ஆகையால் இந்தச் சொல்லின் வரலாற்றைச் சற்று நிதானமாகவே பார்க்கலாம்.

இது மலாய்ச் சொல். பொருள் மிகவும் எளியது: ‘கட்டு’ என்பதே. மலாய்க்காரர்கள் சந்தையில் கீரையைக் கட்டாகக் கட்டி விற்கும்போதும் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். ‘செ-இக்கத்’ என்றால் ஒரு கட்டு. இடுப்பில் கட்டும் வார் ‘இக்கத் பிங்காங்’. பிங்காங் என்பது இடுப்பு. தலையில் கட்டும் துணி ‘இக்கத் கெபாலா’. இந்தக் கெபாலா வேறொன்றுமில்லை, நமக்கு நன்கு பழக்கமான ‘கபாலம்’ என்னும் வடசொல்தான். வாக்குறுதியால் கட்டுண்டாலும், உறவால் பிணைப்புண்டாலும் மலாயில் அதற்கும் இதே வேர்ச்சொல். சங்கங்கள் பல ‘இக்கத்தான்’ என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கின்றன. மலாயா நாட்டின் அரசியலை அறிந்த நேயர்களுக்கு இன்னோர் உதாரணமும் சொல்லலாம். 1955-ம் வருஷத்துத் தேர்தலில் 52 ஸ்தானங்களில் 51-ஐக் கைப்பற்றிய கூட்டணிக்கு ‘பெரிக்கத்தான்’ என்று பெயர். மலாய்க்காரர், சீனர் ஆகியோரின் கட்சிகளோடு மலாயா இந்தியன் காங்கிரஸும் அதில் ஓர் அங்கம். பிணைப்பு என்று பொருள்படும் அந்தப் பெயருக்குள்ளும் இருப்பது நமது ஜவுளிக் கடை இக்கத்தே!

துணியின் விஷயத்தில் கட்டப்படுவது எது? இங்கேதான் பலருக்குக் குழப்பம் ஏற்படுகிறது. கட்டிச் சாயமிடும் முறைகள் இரண்டு உண்டு. நெய்து முடித்த துணியை அங்கங்கே சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பது ஒன்று. கட்டின இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளிகள் விழும். நமது மதுரைச் சுங்குடி இந்த வகையைச் சேர்ந்தது. குஜராத்தின் பாந்தணியும் இதுதான். மலாய்க்காரர் இத்தகைய துணியைப் ‘பெலாங்கி’ என்பர். பெலாங்கி என்றால் வானவில். மற்றொரு முறையில், துணி என்பதே இன்னும் பிறக்கவில்லை. நூலாக இருக்கும்போதே கட்டிச் சாயமேற்றிவிடுகிறார்கள். நெய்த பிறகு என்ன சித்திரம் தோன்றவேண்டுமோ அதை முன்கூட்டியே மனத்தில் கண்டு, நூலின் எந்த அங்குலத்தில் எந்த நிறம் வரவேண்டுமென்று கணக்கிட்டு, மற்ற இடங்களை இறுகக் கட்டிவிடவேண்டும். அப்புறந்தான் தறி. இந்த இரண்டாவது முறைக்கே இக்கத் என்று பெயர். எனவே, சுங்குடிப் புடவையை இக்கத் என்று சொல்வது பிழை.

பாவு நூலை மட்டும் கட்டிச் சாயமிடுவது ஒரு வகை. ஊடை நூலை மட்டும் கட்டுவது இன்னொரு வகை. பாவையும் ஊடையையும் தனித்தனியே கட்டி, தறியில் நிறத்தோடு நிறம் வந்து பொருந்தும்படி நெய்வது மூன்றாவது வகை. மூன்றாவதன் சிரமத்தைச் சொல்லி முடியாது. பாவில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்குமிடத்தில் ஊடையின் சிவப்புப் புள்ளி வந்து படியவேண்டும். ஒரு நூல் விலகினாலும் சித்திரம் சிதறும். இந்தியா, இந்தோனேசியா, ஜப்பான் ஆகிய மூன்று தேசங்களிலேதான் இந்த வித்தை முதன்மையாக வளர்ந்திருக்கிறது.

இந்த வேலை நடைபெறும் விதத்தைத் தெரிந்துகொள்ளச் சும்பா என்னும் தீவுக்குப் போவது உசிதம். இந்தோனேசியத் தீவுகளின் கிழக்குப் பக்கத்தில், புளோரஸ் தீவுக்குத் தெற்கே இருக்கிறது சும்பா. அங்கே கிழக்குப் பகுதியில் ஆண்கள் ‘ஹிங்கி’ என்னும் பெரிய துணியை இரண்டு இரண்டாக உபயோகிப்பார்கள். ஒன்றை இடுப்பில் சுற்றி, மற்றொன்றைத் தோளில் போட்டுக்கொள்வது வழக்கம். குதிரை, மான், சேவல் முதலிய உருவங்கள் அதில் வரிசை வரிசையாக நிற்கும். பண்டைக் காலத்தில் வென்ற பகைவரின் தலைகளைத் தொங்கவிட்ட மரத்தின் உருவமும் சில துணிகளில் உண்டு. வேடிக்கை என்னவென்றால், டச்சுக்காரருடைய அரச முத்திரையிலிருந்த சிங்கத்தையும் சும்பாவின் நெசவுப் பெண்கள் விட்டுவைக்கவில்லை. ஆள வந்தவர்களின் சிங்கம் அங்கே துணியின் ஓர் ஓரத்தில் சாதுவாக நின்றுகொண்டிருக்கிறது.

பருத்தி நூலை ஒரு மரச் சட்டத்தில் பாவாக இழுத்துக் கட்டியபின், ஒரு வகைப் பனையின் ஓலையைக் கீற்றாகக் கிழித்து அதனாலேயே நூல்களைக் கட்டுகிறார்கள். சமீப காலத்தில் ஓலையின் இடத்தைப் பிளாஸ்டிக் நார் பிடித்துக்கொண்டது. முதலில் நீலம். நமது அவுரியின் இனத்தைச் சேர்ந்த செடியின் இலையை ஊறவைத்துச் சுண்ணாம்பு சேர்த்துப் புளிக்கவைத்த தொட்டியில் நூலைத் தோய்ப்பார்கள். வெளியே எடுக்கும்போது மஞ்சளும் பச்சையுமாக இருக்கும் நூல், காற்றுப் பட்டதும் கண்முன்னேயே நீலமாக மாறும். பல முறை தோய்த்தால்தான் ஆழ்ந்த நிறம் கிடைக்கும். பிறகு சில கட்டுகளை அவிழ்த்து, வேறு இடங்களைக் கட்டிச் சிவப்பில் தோய்ப்பார்கள். சிவப்புக்கு மூலம் நுணா இனத்து மரத்தின் வேர்ப்பட்டை. நம் ஊரில் வேலியோரத்தில் நிற்கும் மஞ்சணத்திக்கு நெருங்கிய உறவு அது. வெறும் வேர்ச்சாற்றில் நூல் சிவக்காது. முதலில் ஒரு வகைக் கொட்டையின் எண்ணெயை நூலுக்கு ஊட்டவேண்டும்; படிகாரச் சத்துள்ள ஒரு மரத்தின் இலையையோ பட்டையையோ இடித்துச் சாயத்தோடு கலக்கவேண்டும். ரசாயன சாஸ்திரம் படிக்காத கிராமத்துப் பெண்கள் இந்த விகிதங்களைக் கைப்பழக்கத்தால் அறிந்து, தாயிடமிருந்து மகளுக்கென்று காப்பாற்றி வந்திருக்கிறார்கள். நீலத் தொட்டியின் பக்கம் ஆண்கள் போகக்கூடாது, கர்ப்பிணிகளும் போகக்கூடாது. ரகசியத்தைக் காக்கும் வேலியாக அந்த விலக்கு பயன்பட்டிருக்கலாமென்று நமக்குத் தோன்றுகிறது.

இப்படி உருவாகும் துணி, உடுத்துவதற்கு மட்டுமன்று. கல்யாணத்தில் சம்பந்திகளுக்கிடையே கொடுக்கல் வாங்கலுக்கும், இறந்தவரின் உடலைச் சுற்றுவதற்கும் அது வேண்டும். பெரிய மனிதர் இறந்தால் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல துணிகளைச் சுற்றுவார்கள். பல மாதங்களின் உழைப்பு அவரோடு மண்ணுக்குள் போகும். போர்னியோவின் சரவாக் பகுதியிலுள்ள ஈபான் மக்களிடமோ, இந்தத் தொழிலின் கௌரவம் இன்னும் உயர்ந்தது. ‘புவா கும்பு’ என்னும் சடங்குப் போர்வைக்காக நூலுக்குக் காரமேற்றிச் சாயத்துக்குப் பக்குவப்படுத்தும் சடங்குக்கு அவர்கள் ‘பெண்களின் போர்’ என்று பெயரிட்டார்கள். ஆண்கள் போரில் பெறும் புகழுக்கு ஈடான புகழை அதில் தேர்ந்த பெண் பெற்றாள். அடுப்படி வேலையைப்போல் நெசவையும் பெண்களின் சில்லறைக் காரியமாக எண்ணுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

இனி, சொல்லுக்குத் திரும்புவோம். நாம் மேலே சொன்ன சும்பா மக்களின் தாய்மொழி மலாய் அன்று. ஈபான் மக்களுக்குத் தங்கள் சொந்த பாஷை உண்டு. கட்டிச் சாயமிடுவதற்கு ஈபான் சொல் ‘கெபாத்’. தீமோர்த் தீவின் தேதும் மொழியில் ‘புத்துஸ்’. அப்படியிருக்க, மலாய் இதற்குள் எப்படி நுழைந்தது? மலாய் அத்தீவுகளின் துறைமுகங்களிலெல்லாம் வழங்கிய பொது பாஷை. வியாபாரியும் மாலுமியும் அதிகாரியும் பாதிரியாரும் அதிலேதான் பேசினார்கள். தீவுகளை ஆண்ட டச்சுக்காரர்கள் நெசவைப் பற்றி விசாரித்தபோதும் மலாயிலேயே விசாரித்தார்கள். ‘இது என்ன செய்கிறாய்?’ என்றால் ‘கட்டுகிறேன்’ என்பதுதானே விடை?

அந்த விடையை ஒரு கலைச்சொல்லாக்கி ஐரோப்பியர்களின் நூல்களில் நாட்டிய பெருமை ஜி. பி. ரௌஃபார் என்னும் டச்சு அறிஞருக்கு உரியதென்று சொல்வார்கள். ஜாவாவின் பாத்திக் துணியைப் பற்றி விரிவான நூலெழுதியவர்களில் அவர் ஒருவர். 1900-ம் வருஷத்தை ஒட்டி அவர் இந்தச் சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். டச்சு மொழியில் அது உடனே வினைச்சொல்லாகவும் மாறியது. அங்கிருந்து ஜெர்மனுக்கும் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பரவி, முடிவில் எந்தத் தேசத்தில் நெய்தாலும் நூலைக் கட்டிச் சாயமிட்ட துணியெல்லாம் இக்கத் என்றாகிவிட்டது. 1972-ல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஆல்பிரட் பூலர் என்னும் ஆராய்ச்சியாளர் மூன்று பெரிய பாகங்களில் ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பு ‘இக்கத், பாத்திக், பிளாங்கி’ என்பது. தலைப்பிலுள்ள மூன்று சொற்களும் அந்தத் தீவுகளின் சொற்கள்! துணிக்கு நிறமேற்றும் சாஸ்திரத்தில் உலகத்துக்கே பாஷை கொடுத்தவர்கள் அவர்கள் என்றால் மிகையாகாது.

இதில் ஒரு விநோதமும் உண்டு. மலாய் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட கிளந்தான், திரங்கானு நாடுகளிலும், சுமத்ராவின் பலெம்பாங்கிலும், ஊடையைக் கட்டிச் சாயமிட்டு நெய்த பட்டுக்கு ‘லிமார்’ என்றே பெயர். இக்கத் என்பது அவர்களுக்குக் கைவேலையைக் குறிக்கும் சொல்லேயன்றித் துணியின் பெயர் அன்று. ஆக, சொல்லைக் கொடுத்தவர்கள் தங்கள் துணியை அப்படி அழைக்கவில்லை. அப்படி அழைக்கப்பட்ட துணியை நெய்தவர்களோ அந்தச் சொல்லைத் தங்கள் வீட்டில் பேசவில்லை. பின்னர் 1928-ம் வருஷம் அக்டோபர் 28-ந் தேதி இந்தோனேசிய இளைஞர்கள் ஒரே தேசம், ஒரே மக்கள் என்றும், ஒற்றுமையின் மொழி இந்தோனேசிய மொழி என்றும் பிரதிக்ஞை செய்தார்கள். மலாயே அந்த மொழியாயிற்று. ஆயிரக்கணக்கான தீவுகளுக்கும் பொதுச் சொல் வேண்டியிருந்தது. ‘தெனுன் இக்கத்’, அதாவது கட்டு நெசவு, என்னும் தொடர் அங்கே நிலைபெற்றது.

மற்றத் தேசத்தார் இதற்கு இட்ட பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவாரஸ்யமான விஷயம். தாய்லாந்தில் ‘மத் மீ’. மத் என்றால் கட்டு. ஒரியா நாட்டில் ‘பாந்த’, அதுவும் கட்டே. இவர்களெல்லாம் கை செய்கிற வேலையைப் பார்த்துப் பெயரிட்டவர்கள். உஸ்பெக் தேசத்தார் துணியில் விழும் கோலத்தை ‘அப்ர்’ என்கிறார்கள். பாரசீக பாஷையில் அதற்கு மேகம் என்று பொருள். தொழிலின் பெயர் ‘அப்ர்பந்தி’, அதாவது மேகத்தைக் கட்டுதல்! ஜப்பானியரின் ‘கசுரி’ என்னும் பெயர் மங்கலாகத் தெரிவதைச் சுட்டுவது. இவர்கள் கண்ணுக்குப் பட்டதைக் கொண்டு பெயரிட்டவர்கள். எவ்வளவு இறுகக் கட்டினாலும் சாயம் கட்டின் ஓரத்தில் சிறிது கசியத்தான் செய்யும். தறியில் நூலும் மயிரிழை அளவு விலகும். ஆகவே இந்தத் துணியில் எந்தக் கோடும் கத்தியால் வெட்டியதுபோல் நில்லாது; மேகத்தின் விளிம்புபோல் கலைந்தே இருக்கும். கட்டுவதைக் கொண்டு கலைக்குப் பெயரிடுவது நமக்கும் புதிதன்று. செய்யுள் இலக்கணத்தை ‘யாப்பு’ என்கிறோம். யாத்தல் என்றால் கட்டுதல்தான்.

இவ்வளவும் படித்த தமிழ் அபிமானிகள் சிலருக்கு இதற்குள் ஒரு சந்தேகம் தோன்றியிருக்கும். ‘இக்கத்’ என்பதன் பொருளும் கட்டு, ஓசையும் ஏறக்குறையக் கட்டு; ஆகவே இது நமது சொல்லாகத்தானே இருக்கவேண்டும்? கப்பலேறிப் போன நம் வணிகர்கள் கொடுத்த சொல் என்று கொண்டால் என்ன? ஆசை இயற்கையானது. மலாயில் தமிழ்ச் சொற்கள் மெய்யாகவே இருக்கின்றன. கப்பல் ‘காப்பால்’ என்றும், கடை ‘கெடாய்’ என்றும், பெட்டி ‘பெத்தி’ என்றும், முதல் ‘மோடால்’ என்றும், கட்டில் ‘காத்தில்’ என்றும் அங்கே வழங்குகின்றன. கட்டிலே போயிருக்கும்போது கட்டு போகாதா என்று வாதிக்கலாம்.

வாதம் நில்லாது. மலாய்க்கும் ஜாவா மொழிக்கும் மூதாதை ஒன்று. அந்த மூல மொழியிலிருந்து வந்த சொற்களில், கடைசி அசையில் மலாய்க்காரர் ‘அ’ என்று சொல்லுமிடத்தில் ஜாவாக்காரர் ‘எ’கரத்தை ஒத்த ஒரு குறுகிய ஒலியைச் சொல்வதுண்டு. உள்ளே என்பதற்கு மலாயில் ‘டாலம்’, ஜாவாவில் ‘டாலெம்’. ஆறு என்னும் எண் மலாயில் ‘எனம்’, ஜாவாவில் ‘எனெம்’. இதே விதியின்படி மலாய் ‘இக்கத்’ ஜாவாவில் ‘இக்கெத்’ என்றிருக்கிறது. தலையில் கட்டும் துணிக்கும் அங்கே அதுவே பெயர். இரண்டு சகோதர மொழிகள் ஒரு சொல்லைத் தத்தம் உச்சரிப்பு விதிக்கு உட்படுத்தி வைத்திருப்பதால், அது வெகு காலமாகக் குடும்பத்திலேயே பிறந்து வளர்ந்த சொல் என்பது விளங்குகிறது. மேலும், வணிகர்கள் தருவது பொருள்களின் பெயரை: கடை, பெட்டி, முதல். கட்டுவதற்கு ஒரு சொல் வேண்டி எந்த மக்களும் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருக்கமாட்டார்கள். நமது பாஷையின் பெருமைக்கு வேண்டிய ஆதாரங்கள் நம்மிடமே நிரம்ப இருக்கின்றன. அயலாரின் சொல்லை அபகரித்து அதைப் பெருக்கவேண்டிய அவசியமில்லை. நமது கடையையும் கப்பலையும் பிறர் தமதென்றால் நாம் சும்மா இருப்போமா?

சொல் நம்முடையதன்று; ஆனால் துணி விஷயத்தில் நமது தேசத்துக்கும் அந்தத் தீவுகளுக்கும் உள்ள தொடர்பு சொந்தக் கதையல்ல, சரித்திரம். குஜராத்தின் பாடன் நகரத்தில் பாவும் ஊடையும் சேர்த்துக் கட்டி நெய்யும் பட்டுக்குப் ‘பட்டோலா’ என்று பெயர். ஒரு புடவைக்குப் பல மாதங்களாகும். இன்று அந்த வித்தையைக் கையில் வைத்திருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களே. இந்தப் பட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே வாசனைத் திரவியங்களுக்கு மாற்றாகத் தீவுகளுக்குச் சென்றது. 1602-ல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, தீவுகளின் சிற்றரசர்களை வசப்படுத்த இதையே சன்மானமாகக் கொடுத்தது. மலாயில் இதற்குச் ‘சிண்டாய்’ என்று பெயர். பல தீவுகளில் இது குலதனமாகப் பெட்டிக்குள் வைக்கப்பட்டு, சடங்குகளில் மட்டும் வெளியே வந்தது. சும்பாவில் பட்டோலாக் கோலத்தைத் தாங்கிய துணி அரச குலத்தாருக்கே உரியதாயிற்று. எட்டு இதழ் விரிந்த பட்டோலாப் பூ ஜாவாவின் பெக்கலோங்கான் நகரத்தில் பாத்திக் துணியிலும் ஏறி, ‘ஜெலாம்பிராங்’ என்ற பெயரோடு வழங்குகிறது. ஆயினும், பாவைக் கட்டும் வித்தையையே நாம் அங்கே கற்பித்தோமென்று சொல்லிவிடக்கூடாது. அது நமது பட்டு போய்ச் சேர்வதற்கு முந்தியது என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. கோலம் சென்றது, கைவித்தை அவர்களுடையது.

பாலித் தீவின் தெங்கானான் என்னும் கிராமத்தில் இரட்டைக் கட்டு நெசவாகிய ‘கெரிங்சிங்’ துணியை இன்றும் நெய்கிறார்கள். கெரிங் என்றால் நோய். சிங் என்றால் இல்லை. அணிந்தவரை நோய் அணுகாதென்பது நம்பிக்கை. நூலுக்கு நீலம் ஏற்றுவதை மட்டும் அந்த ஊரில் செய்யமாட்டார்கள். அது அவர்களுக்கு விலக்கு. பக்கத்திலுள்ள புக்புக் என்னும் கிராமத்துக்கு அனுப்பி நீலமேற்றி வாங்கிக்கொள்வார்கள்.

நமது தேசத்துக் கதை வேறு விதமாகத் திரும்பியது. தெலுங்கு நாட்டின் சீராலாவில் எண்ணெய் ஊட்டிய நூலால் ‘தேலியா ருமால்’ என்னும் கைக்குட்டைகளை நெய்து கடல் கடந்து அனுப்பினார்கள். அந்த வித்தை தெலங்கானாவின் போச்சம்பள்ளி முதலிய கிராமங்களுக்கும் பரவியது. 1951-ல் வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கிய போச்சம்பள்ளியே அது. அங்குள்ள நெசவாளர்கள் தங்கள் தொழிலைச் ‘சிட்கி’ என்பார்கள். ஆனால் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் 2004-05-ல் அந்தத் துணி பதிவான பெயர் ‘போச்சம்பள்ளி இக்கத்’! தெலுங்கு நெசவாளியின் துணி, டச்சுக்காரர் பரப்பிய மலாய்ச் சொல்லோடு, இந்தியச் சட்டப் புஸ்தகத்தில் ஏறியிருக்கிறது. வெளிநாட்டுச் சந்தைக்குத் தெரிந்த பெயர் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. என்றாலும் விளம்பரத்தின் ஒரு மூலையிலாவது ‘சிட்கி’ என்றும் ‘பாந்த’ என்றும் அச்சிட்டால் குடிமுழுகிப் போய்விடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. கட்டாமலும் நெய்யாமலும், இயந்திரத்தால் மேலே அச்சிட்ட துணியும் இக்கத் என்ற பெயரில் மலிவாக விற்கப்படுகிறது. கட்டு என்ற பெயர், ஒரு கட்டுக்கூட இல்லாத துணிக்கு! கலைந்த விளிம்பையும் சாமர்த்தியமாகப் போலி செய்துவிடுகிறார்கள். குடும்பப் பெண்மணிகள் ஏமாறாமலிருக்க வழி சுலபமானது. துணியைத் திருப்பிப் பாருங்கள். நூலிலேயே சாயம் ஏறிய துணியில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நிறமாக இருக்கும். அச்சிட்டதில் பெரும்பாலும் பின்பக்கம் வெளுத்திருக்கும். அதிலும் சந்தேகமிருந்தால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பாருங்கள். கட்டிச் சாயமிட்ட நூலில் சிவப்பும் வெள்ளையும் நீலமும் மாறி மாறி, நூலைச் சுற்றிலும் முழுமையாகப் பிடித்திருக்கும்.